தெளிந்த பிறகும் இரண்டு தண்ணீர்

வெறும் தண்ணீர் ஒரு மனுஷனை அடித்துப் போடும் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், போய் வேறு வேலையைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். விஷம் அடிக்கும், மின்சாரம் அடிக்கும், ரோட்டில் போகிற லாரி அடிக்கும். காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, ஆசையாகத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்த தண்ணீர் அடிக்குமா? அடித்தது. நல்ல வெயில் நேரத்தில், என் கண்ணெதிரே, என் தங்கை வீட்டுக்காரரை அடித்தது. ஊற்றிக் கொடுத்தவள் என் தங்கை.

தங்கை என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, என் சித்தப்பாவின் நடு மகள். சித்தப்பாவுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் வாயாடி, அவள் பேச்சைக் கேட்கவே வீட்டில் பாதிப் பொழுது போய்விடும். கடைக்குட்டி செல்லம், அவள் அழுகையை அடக்க மீதிப் பொழுது போய்விடும். நடுவில் இருந்தவளை ஏன் என்று கேட்க ஆளில்லை. அவள் பாட்டுக்கு வளர்ந்தாள், அவள் பாட்டுக்கு வேலையும் தேடிக்கொண்டாள். சாயப்பட்டறையில் நூல் அலசுகிற வேலை. அதில் அவள் எடுத்த பெயர் அவளுடைய சொந்தப் பெயரையே விழுங்கிவிட்டது. பட்டறையில் அவளுக்கு அலசல் என்று பேர். வீட்டிலும் அதுவே நிலைத்தது. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது புரியும். கொதிக்கிற தொட்டியில் நூல் கற்றையை முக்கி நிறம் ஏற்றுவார்கள். ஏறின நிறத்தில் ஒரு பங்கு நூலோடு கலந்துவிடும். இன்னொரு பங்கு சும்மா மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், விசேஷம் முடிந்தும் கிளம்பாத சொந்தக்காரர் மாதிரி. அந்த ஒட்டுச் சாயத்தைக் கிளப்பி அனுப்புவதுதான் அலசல். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் வாங்கினவர் வீட்டில் ஒரு சிவப்புத் துணி மற்ற எல்லாத் துணியையும் கெடுத்துவிடும்.

சாயம் நூலில் ஏற உப்பு வேண்டும். பட்டறை மூலையில் உப்பு மூட்டைகள் சுவர் மாதிரி அடுக்கியிருக்கும். ஆனால் அலசும்போது அதே உப்புதான் எதிரி. தொட்டியில் உப்பு மிச்சம் இருக்கிறவரை ஒட்டுச் சாயம் நூலை விடாது. அதனால் முதலில் உப்பைப் போக்கு, பிறகு சாயம் தானாக வரும் என்பது அவர்கள் பாடம். அலசின தண்ணீரை ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் மொண்டு வெளிச்சத்தில் பார்ப்பாள். தெளிந்துவிட்டதா? மற்றவர்கள் அதோடு கையைத் துடைத்துக்கொள்வார்கள். இவள் விடமாட்டாள். தெளிந்த பிறகும் இரண்டு தண்ணீர். அது அவளே வைத்துக்கொண்ட கணக்கு. அவள் கையில் அலசின நூல் சாயம் விட்டது என்று ஒரு நாளும் புகார் வந்ததில்லை.

வந்த ஒரே புகாரைக் கொண்டுவந்தவரைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். நூல் மூட்டை ஏற்றிப்போகிற வேன்காரர். நீங்க அலசின நூல் என் சட்டையைக் கெடுத்துவிட்டது என்று சட்டையின் சிவப்புக் கறையைக் காட்டி நின்றிருக்கிறார். அவள் ஒன்றும் பேசாமல் அவர் முன்னாலேயே அந்த நூலைக் கிண்ணத்தில் அலசிக் காட்டினாளாம். தண்ணீர் பளிங்கு மாதிரி நின்றிருக்கிறது. கறை அவர் வேன் கதவுக்கு அடித்த புது பெயின்ட். அவர் அசடு வழியப் போனார், மறுநாள் மூட்டை எதுவும் இல்லாமலே வந்து நின்றார். வாய் நிறையப் பேச்சு, முகம் நிறையச் சிரிப்பு. ஊமையும் வானொலியும் சேர்ந்த மாதிரி என்று நாங்கள் கேலி செய்வோம். அவர்களுக்கு ஒரே மகள், அவளையும் தூரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று.

வேன்காரருக்கு ஒரு அக்கா. அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். ஆயத்த ஆடைத் தையலகத்தில் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறவள், புருஷனை இழந்தவள், இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். தம்பி யாருடைய பொறுப்பு என்கிற வழக்கு இந்த நாத்தனாருக்கும் அலசலுக்கும் கல்யாணத்தன்று தொடங்கியது. அவருக்குத் தும்மல் வந்தால் இரண்டு வீட்டிலிருந்தும் கஷாயம் வரும். அவர் இரண்டையும் குடித்துவிட்டு இரண்டும் நன்றாக இருக்கிறது என்பார்.

அப்படி இருந்தவருக்கு, எதிரே வருகிற வண்டிக்கு நான்கு விளக்கு தெரிய ஆரம்பித்தது. கண்ணுக்குப் பின்னால் ஒரு குத்தல். வேனை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினவர், நல்ல வேளை, அதற்குப் பிறகு சாவியைத் தொடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் எங்கேயோ வீக்கம் இருக்கலாம், உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். தொடை வழியாக நூல் போல ஒரு குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டு, கழுத்துவரை கொண்டுபோய், ஒரு திரவத்தைச் செலுத்திப் படம் எடுப்பார்களாம். கேட்ட எனக்கே தொடை கூசியது.

அலசல் அந்த வார்டு நர்ஸிடம் கேட்டாள். அவள் வாயைத் திறந்து கேட்டதே எனக்கு ஆச்சரியம்.

"உள்ள விடற அந்த மருந்து என்ன மருந்தும்மா?"

"மருந்துன்னு இல்ல. ரத்தக்குழாய் படத்துல எடுப்பாத் தெரியறதுக்காக. சாயம் மாதிரின்னு வச்சுக்குங்களேன்."

"அப்புறம் அது எப்படி வெளிய வரும்?"

"ஒண்ணுக்கோட போயிடும். நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க, போதும்."

நர்ஸ் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எல்லாருக்கும் சொல்கிறதைச் சொன்னாள். எதிரே நிற்கிறவள் வாழ்நாளெல்லாம் சாயத்தைத் தண்ணீர் விட்டு வெளியேற்றியவள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அலசல் தலையை ஆட்டிக்கொண்டாள். அந்தத் தலையாட்டலை நான் பார்த்தேன். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவள் ஆட்டுகிற ஆட்டு இல்லை அது. இதுதானா, இது எனக்குத் தெரிந்த வேலைதானே என்கிற ஆட்டு.

படம் எடுத்தார்கள். கடுகளவு ஒரு வீக்கம் இருந்தது. இப்போது கைவைக்க வேண்டாம், அடுத்த வருஷம் மறுபடி ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம், அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் போதும் என்றார் டாக்டர். விளக்கு இரட்டையாகத் தெரிந்தது கண் நரம்பின் சோர்வாம், தானே சரியாகும் என்றார்கள். அழுத்தத்துக்குப் புது மாத்திரை கொடுத்தார்கள். அது நீரை நிறையப் பிரிய வைக்கும் வகை. கிளம்பும்போது, சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள் என்று ஒரு வார்த்தை. நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அலசல் பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் புருஷனை அலச ஆரம்பித்தாள். வேறு எப்படிச் சொல்வது? கண் விழித்ததும் சொம்பு நிறையத் தண்ணீர். சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர், பின்னால் தண்ணீர், பேச வாயெடுத்தால் தண்ணீர். உப்பு சுத்தமாகக் கிடையாது. டாக்டர் குறைக்கச் சொன்னது அழுத்தத்துக்காக. இவள் நிறுத்தியது சாயத்துக்காக. உப்பு உள்ளே இருந்தால் சாயம் மூளை நரம்பைப் பிடித்துக்கொள்ளும், பிறகு என்ன செய்தாலும் விடாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உப்பு டப்பாவைத் துணியில் கட்டி என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள், கையெட்டுகிற இடத்தில் இருந்தால் மனசு மாறுமாம். நான் வாங்கிப் பரண்மேல் வைத்தேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு நாள் நான் போனபோது அந்த வெள்ளைக் கிண்ணம் குளியலறை ஜன்னலில் இருந்தது. பட்டறையிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள். புருஷனின் சிறுநீரை அதில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறாள். நான் முகம் சுளித்தேன். அவள் முகத்திலோ அப்படி ஒரு நிம்மதி. மஞ்சளெல்லாம் போய் வெறும் தண்ணீராக வருகிறது என்றாள். அப்படியானால் நிறுத்திவிடேன் என்றேன். "தெளிஞ்சப்புறமும் ரெண்டு தண்ணி இருக்குல்லக்கா" என்றாள். நூலுக்கு அது இரண்டு தண்ணீர். மனுஷனுக்கு எத்தனை என்று அவளுக்கு யார் சொல்வது? நூலுக்கு ஒரு பங்கு என்றால் மூளைக்குப் பத்துப் பங்கு என்று அவளே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

வேன்காரர் குடித்தார். அவருக்குச் சிரிப்புதான். என்னிடம், தன்னைப் பிழிந்தால் இந்தத் தெருவுக்கே தண்ணீர் விடலாம் என்றார். உப்பில்லாத சோற்றைத் தின்றுவிட்டு, பஞ்சு மெத்தை நன்றாக வெந்திருக்கிறது என்றார். தின்றார், குடித்தார், வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

நாத்தனார் சும்மா இருப்பாளா? இது வைத்தியமா வதையா என்று வாசலில் நின்று கேட்டாள். டாக்டரே உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று அலசல் ஒரே வரியில் வாயை அடைத்தாள். நாத்தனார் அப்போதைக்கு அடங்கின மாதிரி போனாள். ஆனால் தம்பியைப் பார்க்க வரும்போதெல்லாம் கைப்பையில் உப்பு பிஸ்கட் பொட்டலம் ஒன்று வர ஆரம்பித்தது. அலசல் அடுப்படியில் இருக்கிற நேரம் பார்த்து அது தலையணை உறைக்குள் போய்விடும்.

ஒரு நாள் அலசல் தலையணையைத் தட்டிப்போடும்போது பொட்டலம் கீழே விழுந்தது. பிரித்து ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். சுள்ளென்று உப்பு. அன்று அந்த வீட்டில் நடந்த சண்டையை நான் பார்க்கவில்லை, இரண்டு பேரும் தனித்தனியாக வந்து சொல்லக் கேட்டேன். பேசாதவள் பேசினாள் என்றால் அதைத் தாங்கவா முடியும்? நான் பாடுபட்டு அலசுகிறேன், நீங்கள் பின்னாலேயே சாயத்தைப் பிடிக்க வைக்கிறீர்கள், தம்பி நன்றாக இருப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டுவிட்டாள். பெற்றவளைப் போல வளர்த்தவளைப் பார்த்து அந்தக் கேள்வி. நாத்தனார் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிப் போனாள். பிஸ்கட் குப்பைக்குப் போனது. அதுவரை ஊற்றினது வீணாயிற்றே என்று அன்றிலிருந்து தண்ணீர் இன்னும் ஒரு மடங்கு ஏறியது.

அதற்குப் பிறகுதான் அவர் பேச்சு குறைந்தது. தலை பாரமாக இருக்கிறது என்றார். குமட்டல் என்றார். சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேன் சாவியைத் தேடுகிறேன் என்று அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினார். அலசல் ஓடிவந்து என்னிடம் சொன்னபோது அவள் உதடு வெளுத்திருந்தது. சாயம் இன்னும் தலைக்குள்ளேயே நிற்கிறது, அந்த பிஸ்கட் உப்பு பிடிக்க வைத்துவிட்டது என்றாள். அதனால் இன்னும் தண்ணீர்.

நான் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். உச்சி வெயில். அவர் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்தார், என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்த மாதிரி. அலசல் பக்கத்தில் நின்று தம்ளரை வாயில் வைத்தாள். வாயைத் திறந்தார். உள்ளே போன தண்ணீர் கடைவாயில் வழிந்தது. அடுத்த நொடி கழுத்து ஒரு பக்கம் இழுத்தது, கை இரண்டும் முறுக்கிக்கொண்டன, நாற்காலியோடு சரிந்தார். உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுக்கிறது. தம்ளர் உருண்டு கதவருகே போய் நின்றது. அலசல் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அப்போதும் என்னைப் பார்த்து, "அக்கா, தண்ணி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். வீக்கம் வெடித்துவிட்டது என்றுதான் எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். வெடிக்கவில்லை. உள்ளே ஒரு சொட்டு ரத்தமும் இல்லை. ஆனால் ஆள் கண் திறக்கவில்லை. ரத்தக்குழாய் எங்கேயாவது சுருங்கிவிட்டதோ, மறுபடி அந்தப் படத்தை எடுக்க வேண்டிவருமோ என்று கண்ணாடி போட்ட டாக்டரம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

இதற்குள் நாத்தனார் வந்துவிட்டாள். வந்தவள் அலசலைத் திட்டவில்லை. ஆஸ்பத்திரியைத் திட்டினாள். நடந்து வந்த ஆளுக்கு எதையோ ஏற்றிப் படுக்கவைத்துவிட்டார்கள் என்று பெஞ்சில் இருந்த எல்லாரிடமும் சொன்னாள். அவர்களும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நடைபாதையில் கூட்டம் கூடிவிட்டது. பெரிய டாக்டர் வந்து பதில் சொல்லட்டும் என்று யாரோ கத்தினார்.

அப்போது டாக்டரம்மா ஒரு காகிதத்தோடு வெளியே வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, திகைப்பு. ரத்தத்தில் இருக்கவேண்டிய உப்புச் சத்து பாதாளத்துக்குப் போயிருக்கிறது, சோடியம் என்று பேர் சொன்னார், இந்த அளவில் ஒருவரை நாங்கள் அடிக்கடி பார்ப்பதில்லை என்றார். வாந்தியா, பேதியா என்று கேட்டார். இல்லை. வேறு ஏதாவது மருந்து? இல்லை. கடைசியில் கேட்டார்:

"படம் எடுத்துட்டு வீட்டுக்குப் போனதுலேர்ந்து என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணி குடிச்சார்?"

நாத்தனார் அலசலின் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் நடுவில் நின்றதால் அவள் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

"வாயைத் திறக்காத. பழி அவங்க மேலயே இருக்கட்டும். நீ சொன்னா காலத்துக்கும் உன் தலையிலதான் விடியும்."

அத்தனை வருஷம் இவள் மேல் பழி போடக் காத்திருந்தவள், கைக்கு வந்த பழியைத் தூக்கி வேறு பக்கம் வைக்கிறாள். அலசல் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பிடித்திருந்த அந்த விரல்களை மெதுவாக ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"நான்தாங்க குடுத்தேன். குடம் குடமாக் குடுத்தேன். உப்பு ஒரு கல்லுகூடப் போடல. சாயம் போகணும்னு."

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. அலசல் பட்டறையைச் சொன்னாள், கிண்ணத்தைச் சொன்னாள், தெளிந்த பிறகும் ஊற்றினதைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். அப்புறம் அவர் சொன்னது இது. ரத்தத்தில் உப்பும் தண்ணீரும் ஒரு நிதானத்தில் இருக்கவேண்டும். உப்பு வரவே இல்லை. வந்திருந்த கொஞ்சத்தையும் அந்தப் புது மாத்திரை சிறுநீரோடு வெளியே தள்ளிவிட்டது. தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே போனது. உப்பு நீர்த்துப்போனால் மூளை தண்ணீரை இழுத்துக்கொண்டு வீங்கும். அந்த வீக்கத்தால்தான் இழுப்பு. ரத்தக்குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னொரு படமும் வேண்டாம்.

"அப்ப சாயம்?" என்றாள் அலசல்.

"அது மறுநாளே போயிருக்கும்மா. அவருக்குச் சிறுநீரகம் நல்லா இருக்கு."

அலசல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தாள். அந்தக் கைகளில் நிரந்தரமாக ஒரு நீலம் உண்டு.

"அதுக்கப்புறம் நான் எதை அலசினேன்?"

டாக்டரம்மா எழுந்தார். உள்ளே ஓடினார். கூட்டம் கலைந்தது. ஆஸ்பத்திரியைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது அலசலைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

அந்த இடத்தில் நாத்தனாரைக் காணோம். கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்க வந்தாள், கையில் கடையில் வாங்கின உப்புப் பாக்கெட். உள்ளே நுழைந்து தண்ணீரில் கரைத்து நினைவில்லாத தம்பி வாயில் ஊற்றப் போய்விட்டாள். நர்ஸ் பாய்ந்து தட்டிவிட்டாள். இப்படி ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் ஆளே போய்விடுவார் என்று அவளை வெளியே இழுத்துவந்தாள். உள்ளே நரம்பு வழியாக உப்புநீர் துளித் துளியாக இறங்குகிறது. ஏன் துளி, உப்புதானே குறை, ஒரேயடியாக ஏற்றுங்களேன் என்று நாத்தனார் மன்றாடினாள். இழுப்பை நிறுத்த முதலில் கொஞ்சம் வேகமாக விட்டோம், இனிமேல் மெதுவாகத்தான் ஏற்றவேண்டும், வேகம் போனால் வீங்கின மூளை சட்டென்று சுருங்கிக் கை கால் விழுந்துவிடும், பேச்சு போய்விடும் என்றார் டாக்டரம்மா.

நாத்தனாருக்கு அது தலையில் ஏறவில்லை. அலசல்தான் அவளுக்குச் சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. பட்டறையிலும் உப்பை மொத்தமாகக் கொட்டமாட்டார்கள் அண்ணி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போடுவார்கள், இல்லாவிட்டால் நூல் திட்டுத் திட்டாகிவிடும் என்றாள். சொல்லிவிட்டு, தான் மறுபடியும் பட்டறையை வைத்துப் பேசுகிறோம் என்று உணர்ந்த மாதிரி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் கதவு திறக்கும்போது மூன்று பேரும் எழுந்து நிற்போம். கொஞ்சம் ஏறியிருக்கிறது என்பார்கள், உட்காருவோம். மறுநாள் விடிந்து வெயில் ஏறினபோது கண் திறந்துவிட்டார் என்று கூப்பிட்டார்கள். பேச்சு இருக்கிறதா, ஆள் தெரிகிறதா என்பது இனிமேல்தான் தெரியும் என்றாள் நர்ஸ்.

நாத்தனாரைப் பார்த்தார், உதடு அசைந்தது. என்னைப் பார்த்தார். அலசல் அவர் உதடு காய்ந்திருப்பதைப் பார்த்து, துடைக்கலாம் என்று நனைத்த துணியோடு கிட்டே போனாள். அவளைப் பார்த்ததும் அவர் வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்படியே நின்றாள். கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் ஆயுசில் எத்தனையோ சாவு வீடு பார்த்திருக்கிறேன், அந்த முகத்தை எங்கேயும் பார்த்ததில்லை. துணியை வைத்துவிட்டு வெளியே போய் படிக்கட்டில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் செய்ததில் ஒரு கல் உப்பளவு கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் செய்தது அவள்.

மாலையில் அவருக்குப் பேச்சு தெளிந்தது. வாயை மூடிக்கொண்டது நினைவே இல்லை என்றார். டாக்டரம்மா கேட்டார், இவ்வளவு தண்ணீரை எப்படிக் குடித்தீர்கள், வேண்டாம் என்று சொல்லவில்லையா என்று. அலசல் கதவுக்கு வெளியே நின்றாள், உள்ளே வரவில்லை.

"அவ ஊத்தும்போது அவ கண்ணைப் பாத்திருக்கீங்களா டாக்டர்? பயம். நான் குடிச்சேன்னா அந்தப் பயம் கொஞ்சம் எறங்கும். அதுக்காகக் குடிச்சேன்."

"உப்பு? சுத்தமா ஒண்ணுமேவா சாப்பிடல?"

அவர் அக்காவைப் பார்த்தார். தலையணை பிஸ்கட் கதை வெளியே வந்தது. டாக்டரம்மா, அது பெரிய அளவு இல்லை, ஆனால் உள்ளே போன உப்பு அது ஒன்றுதான், அது நின்ற பிறகுதான் சட்டென்று கீழே போயிருக்கிறது என்றார். எல்லாரும் நாத்தனாரைப் பெருமையாகப் பார்த்தோம். அவள் அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ளவில்லை. கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"நான் ஒண்ணும் அவன் உயிரைக் காப்பாத்தறதுக்குக் குடுக்கல. உன் பேச்சை மீறணும்னு குடுத்தேன். தெரிஞ்சுக்க. ரெண்டு பேரும் சேர்ந்துதான் இவனைப் படுத்தியிருக்கோம். உள்ள வா."

அலசல் உள்ளே வந்தாள். வேன்காரர் தானாகவே தம்ளரைக் காட்டினார். நர்ஸ் அளந்து வைத்திருந்த தண்ணீர், கால் தம்ளர் இருக்கும். நீயே கொடு என்றார். அவள் சாய்த்துக் கொடுத்ததில் பாதி போர்வையில் சிந்தியது. மீதியை அவர் குடித்தார். அவள் இன்னொரு தடவை ஊற்றவில்லை.

மாத்திரையை மாற்றினார்கள். ஆள் தேறி வீட்டுக்கு வந்தார். நான் பரணிலிருந்து உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அலசல் வாங்கினாள், திறந்தாள், கரண்டியை உள்ளே விட்டாள், அப்படியே நின்றாள். எவ்வளவு போடுவது என்று கை மறந்துவிட்டது அவளுக்கு. நாத்தனார் பின்னாலிருந்து அவள் கையோடு சேர்த்துப் பிடித்துப் பானையில் போட்டாள். அலசல் பட்டறைக்குத் திரும்பினாள், அதே தொட்டி, அதே வேலை. அங்கே இன்றும் தெளிந்த பிறகு இரண்டு தண்ணீர்தான். அந்தக் கிண்ணத்தை மட்டும் உடைத்துப் போட்டுவிட்டு வேறு கிண்ணம் வாங்கிக்கொண்டாள்.

வருஷம் திரும்பியதும் அந்தக் கடுகு வீக்கத்தைப் பார்க்க மறுபடி படம் எடுக்கவேண்டியிருந்தது. நான்கு பேரும் போனோம். அதே தொடை, அதே குழாய், அதே திரவம். வீக்கம் இருந்தபடியே இருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது வேறொரு நர்ஸ், சின்னப் பெண், காகிதத்தைக் கொடுத்துவிட்டு எல்லாருக்கும் சொல்கிற மாதிரி சொன்னாள், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்று.

"எவ்வளவு?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம். அலசல், நாத்தனார், நான். அந்தப் பெண் பயந்து ஒரு அடி பின்னால் போனாள். உள்ளே போய் டாக்டரைக் கேட்டுவந்து, ஒரு பாட்டிலை எடுத்து, இதில் இத்தனை, அதுவும் இன்றைக்கும் நாளைக்கும்தான், அதற்குப் பிறகு தாகத்துக்கு என்று சொன்னாள். உப்பு எவ்வளவு என்று அலசல் அடுத்துக் கேட்டாள். அதையும் கேட்டுவந்து சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டார்கள்.

வெளியே வந்தோம். வேன்காரர் நடந்துகொண்டே சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று அலசல் கேட்டாள். ஒன்றுமில்லை, அக்கா இந்தத் தடவை வைத்தாளா என்று பார்க்கிறேன் என்றார். அலசல் தன் பையைத் திறந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். எண்ணி இரண்டு எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, மீதியை நாத்தனாரிடம் கொடுத்தாள்.